ஆணி பொறுக்கும் சுன்னத்

நபிவழியில் ஆளுக்கொரு செல்லம் உண்டு. எனக்குப் பகல் தூக்கம். நண்பகலில் சற்றுக் கண்ணயர்வது சுன்னத், அதாவது நபி செய்து காட்டியது, என்று தெரிந்த நாளிலிருந்து விடுமுறை நாட்களில் அதை நான் தவறவிட்டதில்லை. என் மச்சானுக்கு அத்தர். அவர் ஜும்ஆவுக்கு வந்துவிட்டார் என்பது பள்ளிவாசலின் கடைசி வரிசைக்கும் தெரிந்துவிடும். இனிப்பு உண்பதும் நபிக்குப் பிரியமானது என்று யாராவது ஆரம்பித்தால், வட்டிலப்பத் தட்டை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொள்ள எங்கள் குடும்பத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. செய்தால் நன்மை, விட்டால் குற்றமில்லை என்ற வகைக் காரியங்களில் நாவுக்கும் உடம்புக்கும் இதமானதைத் தேடி எடுப்பதில் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

என் மனைவி தேடி எடுத்தது ஆணி பொறுக்குவதை.

ஈமான் என்கிற இறைநம்பிக்கைக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு, அவற்றில் ஆகக் கீழே இருப்பது பாதையில் கிடக்கும் நோவினை தரும் பொருளை அகற்றுவது என்று நபி சொன்னதாக ஒரு ஹதீஸ் இருக்கிறது. குர்ஆன் மதரசாவுக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும், பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கு, பஸ் வருகிற நேரத்தில், நடுப்பாதையில் குனிந்து நிற்கிற ஒருவரை நான் கல்யாணம் செய்துதான் பார்த்தேன்.

"ஆகக் கீழ ஈக்கிற கிளதானே, மேல ஈக்கிறத மொதல்ல பாத்துக்குவம்" என்பேன்.

"கீழ ஈக்கிறதுதான் எனக்கு எட்டுது" என்பாள்.

அப்போது நாங்கள் கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலையில் குடியிருந்தோம். நான் கண்டிக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞன். அவள் நகரத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் தையல் ஆசிரியை. வீட்டிலிருந்து பெரிய தெரு வரைக்கும் ஒரு சரிவுப் பாதை. நான் தனியே இறங்கினால் ஒரு சிகரட் பிடித்து முடிக்கும் தூரம். அவளோடு இறங்கினால் அது எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியாது. ஒரு உடைந்த போத்தல் ஓடு, ஒரு முள்ளுக் கம்பித் துண்டு, வாழைப்பழத் தோல் என்று எதையாவது கண்டால் நிற்பாள். தோலைக் காலால் ஓரத்துக்குத் தள்ளிவிடுவாள். கூரான சாமான்களை எடுத்துக் கைப்பைக்குள் இருந்த ஒரு துணிப் பைக்குள் போட்டுக்கொள்வாள். அந்தத் துணிப் பையைத் தடித்த கன்வஸ் துணியில் அவளே தைத்திருந்தாள். பாடசாலைக்குப் பின்னால் குப்பை போடும் குழி இருந்தது, அங்கே போய்க் கொட்டுவாள். கச்சேரியில் எட்டரைக்கு வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு கீறிவிடுவார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே என் கையெழுத்து விழுந்த நாட்களுக்கெல்லாம் இவளுடைய ஈமான்தான் காரணம் என்று பெரிய கிளாக்கரிடம் சொல்லவா முடியும்?

ஆனால் எங்கள் பாதையில் அவ்வளவு ஆணி கிடந்ததற்கு ஒரு காரணம் இருந்தது.

பாதை தெருவில் சேர்வதற்குச் சற்று மேலே, ஒரு மேட்டில், யாழ்ப்பாணத்து ஐயா ஒருவரின் பலசரக்குக் கடை இருந்தது. பலகைக் கதவும் பலகைத் தட்டுகளுமாக மரத்தாலேயே கட்டிய கடை. தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் வந்த ஆண்டில் அதை எரித்தார்கள். ஐயாவும் அவர் மனைவியும் ஊரடங்கு முடியும் வரை எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தார்கள். வடக்கே போக வாகனம் கிடைத்த அன்று அவர் என் மனைவியிடம், "தங்கச்சி, கடையில இனி எடுக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. போயிட்டு வாறம்" என்றார். அவள் தலையை ஆட்டினாள். அவர்கள் போன பிறகு தும்புத்தடியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய், தெருவெல்லாம் சிதறிக் கிடந்த கண்ணாடியைக் கூட்டினாள். ஊர் இன்னும் புகை மணத்துக்கொண்டிருந்தது. யாரும் அவளைத் தடுக்கவுமில்லை, உதவிக்கு வரவுமில்லை.

கண்ணாடியைக் கூட்டி முடிக்க முடிந்தது. ஆணிகளை முடிக்க முடியவில்லை. எரிந்த பலகைகள் சாம்பலாகி மண்ணோடு போய்விட்டன. அவற்றில் அடித்திருந்த ஆணிகள் போகவில்லை. ஒவ்வொரு பெருமழைக்கும் அந்த மேட்டிலிருந்து நாலைந்து ஆணிகள் கழுவுண்டு பாதைக்கு வரும். ஆண்டுகள் போயும் வந்துகொண்டிருந்தன. மழை விட்ட காலையில் அவள் முகத்தில் ஒரு அவசரம் தெரியும். அந்த வழியாகத்தான் ரப்பர் செருப்போடு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். போயா என்கிற பௌர்ணமி நாட்களில் வெள்ளை உடுத்துப் பன்சலைக்கு, புத்த விகாரைக்கு, போகிற சிலர் செருப்பும் போடுவதில்லை.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"எரிச்சவங்கட கால்லயே ஏறட்டும். ஒனக்கென்ன?" என்றேன்.

"ஆணி ஆளப் பாத்தா ஏறுது?" என்றாள். நிமிரவும் இல்லை.

சந்தியில் பங்சர் ஒட்டும் சிங்களவர் ஒருவர் இருந்தார். பெரிய வயிறு, அதைவிடப் பெரிய சிரிப்பு. எங்களைக் கண்டால் சிங்களத்தில் குரல் கொடுப்பார். "மாத்தயா, உங்கள் நோனாவை ஒரு வாரம் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், நானும் நாலு டயர் ஒட்டிப் பிழைக்க வேண்டாமா?" நானும் சிரிப்பேன். அவளுக்கு மட்டும் சிரிப்பு வராது. வேலையில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வராதுதானே.

யுத்தம் எங்கள் பக்கத்துக்கும் இராணுவக் காவலரணாக வந்து சேர்ந்தது. சந்திக்குச் சற்றுத் தள்ளி மண்மூட்டை அடுக்கி, தகரக் கூரை போட்டு, ஒரு மேசையும் வைத்தார்கள். பஸ் ஏறப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அடையாள அட்டையைக் காட்டினால் விட்டுவிடுவார்கள். பஸ்ஸுக்குள்ளும் வானொலியிலும் மூன்று மொழியிலும் ஒரே அறிவித்தல்: கேட்பாரற்றுக் கிடக்கும் பொருட்களைத் தொடாதீர்கள்.

"கேட்டியா? இனியாவது இத விடு" என்றேன்.

"பொதியத்தானே தொட வேணாங்கிறாங்க. நான் ஆணியத்தானே எடுக்கிறேன்" என்றாள்.

எங்கேயோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்த மறுநாள் அது. இரவு நல்ல மழை. காலையில் இறங்கும்போதே அவள் கைப்பை கனத்துவிட்டது. மேட்டடியில் ஆணிகள், மதகுப் பக்கம் துருப்பிடித்த கம்பிச் சுருள் ஒன்று, அதற்கும் அப்பால் யாரோ எறிந்த டோர்ச் பெட்டரி ஒன்று. பெட்டரியை எடுத்தபோது நான் பல்லைக் கடித்தேன். "சின்னப் பிள்ளைகள் கல்லால குத்தி ஒடைச்சி வெளையாடுவாங்க, கை வெந்து போகும்" என்றாள். பஸ் வருகிற சத்தம் கேட்டது. நான் முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

அன்று காவலரணில் எல்லாப் பைகளையும் திறந்து பார்த்தார்கள். பெண் பொலிஸ் இன்னும் வந்து சேரவில்லை. கோப்ரல் ஒருவன், மெலிந்த, தூக்கம் போதாத முகத்துடன், என் மனைவியின் கைப்பையைத் தொடத் தயங்கி, "நோனா, நீங்களே மேசையில் எடுத்து வையுங்கள்" என்றான். அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சோற்றுப் பார்சல், குடை, அளவு நாடா, கத்தரிக்கோல், நூற்கட்டை. கடைசியில் அந்தத் துணிப் பை. அதையும் அவிழ்த்துக் கொட்டினாள்.

ஆணிகள். கம்பி. பெட்டரி.

கோப்ரல் பின்னால் போன வேகத்தில் அவன் தொப்பி மண்மூட்டையில் இடித்து விழுந்தது. துப்பாக்கி நிமிர்ந்தது. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். அப்போதும் நான் முதலில் பார்த்தது பஸ்ஸைத்தான். அது எங்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. பிறகுதான் மேசையைப் பார்த்தேன். ஆணியும் கம்பியும் பெட்டரியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, குண்டு கட்டுவதற்கு எடுத்து வைத்ததுபோல.

எனக்குப் பயம் என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது. அந்தக் காலத்தில் சந்தேகத்தில் கொண்டுபோனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அறியவே வீட்டார் மாதக் கணக்கில் கதவு கதவாகத் தட்டுவார்கள். கச்சேரிக்கு அப்படி வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். எங்கள் மகள் இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருவாள். அவள் வந்து கதவைத் தட்டும்போது உம்மா இருப்பாளா என்பதைத் தவிர வேறெதுவும் என் தலையில் ஓடவில்லை.

பின்னாலிருந்த கூடாரத்திலிருந்து அதிகாரி வந்தார். கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"இதெல்லாம் எதற்கு?" என்று சிங்களத்தில் கேட்டார்.

மனைவிக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம். பதில் சொல்ல வேண்டியவன் நான். எனக்குத் தெரிந்தது கச்சேரிச் சிங்களம். காணி உறுதிக்கும் பென்ஷனுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அது தாராளமாகப் போதும். மார்க்கத்துக்கு அதைக் கொண்டு நான் போனதில்லை. இருந்தாலும் ஆரம்பித்தேன். "சேர், எங்களுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் இருக்கின்றன. இது அதில் ஆகக் கீழே இருக்கிற கிளை."

அதிகாரியின் முகம் இறுகியது. "எந்த இயக்கத்தின் கிளை? எங்கே இருக்கிறது?"

இத்தனை வருடம் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதிய நான், ஒரே வசனத்தில் என் மனைவியை எழுபது கிளையுள்ள இயக்கத்தில் சேர்த்துவிட்டேன். இயக்கமில்லை, மார்க்கம், நபி சொன்னது, பாதையில் கிடப்பதை எடுத்தால் நன்மை என்று எதை எதையோ அடுக்கினேன். அவர் என்னைக் கவனிப்பதை விட்டுவிட்டு வயர்லெஸ்ஸை எடுக்கக் கையை நீட்டினார்.

அப்போதுதான் பங்சர் கடைக்காரர் கைகளை மேலே தூக்கியபடி வந்தார். கையில் டயர் கழற்றும் கம்பி வேறு இருந்தது. கோப்ரல் சத்தம் போட்டதும் அதைக் கீழே போட்டார்.

"சேர், இந்த நோனா பாதையில் ஆணி பொறுக்குகிறவர். இந்தச் சந்தியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இவரால் எனக்குத்தான் வருடக் கணக்கில் நட்டம். இவரைக் கொண்டுபோனால் எனக்கு நல்ல வியாபாரம், ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டுமே."

வரிசையிலிருந்து யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "இங்கே எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள்தான்" என்றார். சற்று யோசித்துவிட்டு மனைவியைப் பார்த்து, "எங்கே எடுத்தீர்கள்? வந்து காட்டுங்கள்" என்றார்.

நாங்கள் பாதையில் திரும்பி ஏறினோம். முன்னால் அவள், பக்கத்தில் அதிகாரி, துப்பாக்கியோடு கோப்ரல், பின்னால் நானும் பங்சர் கடைக்காரரும். வேலிகளுக்கு மேலே தலைகள் முளைத்தன. நான் வாய்க்குள் ஓதிக்கொண்டே போனேன். என்ன ஓதினேன் என்று தெரியாது, தொழுகையில் ஓதுவதும் உணவுக்கு முன் ஓதுவதும் கலந்திருக்கும். அவள் இங்கே பெட்டரி, இங்கே கம்பி என்று விரலால் காட்டிக்கொண்டே போனாள். குரல் நடுங்கியது. அவளுக்கும் பயம் இருக்கிறது என்று கண்டபோது எனக்கு அழுகை வந்தது.

கடை இருந்த மேட்டருகே வந்தோம். "ஆணி இந்த இடத்தில்தான்" என்று சொல்ல வாயெடுத்தவள், பாதி வசனத்தில் நிறுத்திவிட்டுக் குனிந்தாள்.

"நில்!" என்று கோப்ரல் கத்தினான்.

அவள் அதற்குள் எடுத்துவிட்டாள். சேறு பிடித்த ஒரு ஆணி. நாங்கள் இறங்கிப் போன பிறகு மேட்டிலிருந்து வடிந்த தண்ணீரில் வந்திருக்க வேண்டும். வேண்டுமென்று செய்யவில்லை, கண்டாள், குனிந்தாள், அவ்வளவுதான். சேலைத் தலைப்பில் அதைத் துடைத்துவிட்டு, போடுவதற்குப் பையைத் தேடினாள். பை கீழே மேசையில் இருந்தது. வேறு வழி தெரியாமல் பக்கத்தில் நின்றவனிடம், அந்தக் கோப்ரலிடமே நீட்டினாள். அவனும் துப்பாக்கியை ஒரு கைக்கு மாற்றிவிட்டு, மறு கையால் வாங்கிக்கொண்டான்.

அதிகாரி அந்த ஆணியைப் பார்த்தார். பிறகு மேட்டைப் பார்த்தார். ஆமணக்கும் தொட்டாச்சிணுங்கியும் வளர்ந்த பற்றைக்குள் சீமெந்துப் படிகள் இரண்டு மட்டும் தெரிந்தன.

"இந்த இடத்தில் ஏன் இவ்வளவு ஆணி?"

பங்சர் கடைக்காரர் நிலத்தைப் பார்த்தார். அதற்குப் பதில் சொல்ல என் சிங்களம் போதுமாக இருந்தது. "இங்கே ஒரு கடை இருந்தது, சேர்" என்றேன்.

அவர் எந்த ஆண்டு என்று கேட்கவில்லை. யார் எரித்தது என்றும் கேட்கவில்லை. பிறகு மனைவியிடம், "உங்களுடைய கடையா?" என்றார்.

"இல்லை."

"அப்படியானால் உங்களுக்கு ஏன்?"

அவள் தனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில் சொன்னாள். "காலில் குத்தினால் நோகும்தானே, மாத்தயா."

திரும்பிப் போனதும் அதிகாரி மேசையில் கிடந்த மற்றச் சாமான்களைப் பையில் போட விட்டார். ஆணியையும் கம்பியையும் பெட்டரியையும் தரவில்லை. இனி இப்படியான சாமான்களைக் கைப்பையில் கொண்டு திரியக் கூடாது என்று கடுமையாகவே சொன்னார். பிறகு ஒரு வெறும் பால்மா டின்னைத் தேடி எடுத்து மேசையடியில் வைத்தார். "எடுத்தால் இதற்குள் போட்டுவிட்டுப் போங்கள்."

அன்று சிவப்புக் கோட்டுக்கு மிகவும் கீழேதான் கையெழுத்து வைத்தேன். மகள் வந்தபோது கதவைத் திறக்க உம்மா இருந்தாள்.

அதன் பிறகு ஆணிகள் டின்னுக்குள் விழுந்தன. அந்தக் கோப்ரல் சில மாதங்களில் எங்களுக்குப் பழக்கமாகிவிட்டான். கொஞ்ச நாள் போக, காலையில் நாங்கள் இறங்கும்போது டின்னைக் குலுக்கிக் காட்டுவான். "நோனா, இன்றைக்கு நான் முந்திவிட்டேன்." நன்மை வேண்டுமென்று நபிவழியில் அவள் செய்ததை அவன் தன் பாஷையில் 'பின்' என்று சொன்னான். புண்ணியத்துக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை அதுதான். பாதி பின் எனக்கு, பாதி உங்களுக்கு என்பான். "ஆர்மியும் என் வயிற்றில் அடிக்கத் தொடங்கிவிட்டது" என்று பங்சர் கடைக்காரர் அங்கலாய்த்தார். எனக்கும் அந்த நாட்களில் காலை நேரம் ஏனோ அவ்வளவு எரிச்சலாக இருக்கவில்லை.

ஒருநாள் அவன் சீருடையைத் துவைத்து மினுக்கிப் போட்டிருந்தான். வடக்குக்கு மாற்றம் என்றான்.

"அங்கே என்ன வேலை?" என்று மனைவி கேட்டாள்.

அவன் சிரித்தான். "இதே வேலைதான், நோனா. பாதையில் கிடப்பதை எடுப்பது. மிதிவெடி."

அன்று இரவுத் தொழுகைக்குப் பிறகு அவனுக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்டாள். மறுநாளும் கேட்டாள். யுத்தத்துக்குப் போன ஒருவனுக்கு இவ்வளவு துஆவா என்று நான் முனகியபோது, "அவனும் ஒரு உம்மாட புள்ளதானே. ஆமீன் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அது பழகி, அவள் மறந்த நாளிலும் நான் சொல்லிக்கொண்டேன்.

யுத்தம் முடிந்தது. காவலரணைக் கழற்றிக்கொண்டு போனார்கள். டின் பங்சர் கடை வாசலுக்கு இடம் மாறியது. மேட்டிலிருந்து ஆணி வருவதும் மெல்ல மெல்லக் குறைந்தது.

ஒரு காலை நாங்கள் பஸ்ஸுக்கு நின்றபோது எதிர்ப்பக்கம் வந்து நின்ற பஸ்ஸிலிருந்து சாதாரண உடையில் ஒருவர் இறங்கித் தெருவைக் கடந்து எங்களிடம் வந்தார். உடம்பு பெருத்து, நெற்றியில் முடி போயிருந்தது. "நோனா" என்ற குரலில்தான் நான் கண்டுகொண்டேன். என் மனைவி அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து முதலில் கால்களைத்தான் பார்த்தாள். இரண்டும் இருந்தன. சாதாரண ரப்பர் செருப்புக்குள், விரல்கள் எல்லாவற்றோடும் இருந்தன. அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் துப்புரவாக்கிய பாதையில் இப்போது பஸ் ஓடுகிறது, நோனா" என்றார் அவர்.

இருவரும் சிங்களத்தில் பேசிக்கொண்டே நின்றார்கள். எங்கள் பஸ் வந்தது, நின்றது, போனது. சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே கையெழுத்து விழட்டும் என்று நானும் நின்றேன்.